சுழல்தட்டு வால்வை வடிவமைப்பது எப்படி: போர்செட் தொட்டிக்கும் வயல் மடைக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு தட்டு அசையாமல் இருக்கும். அதன் மேல் இன்னொரு தட்டு ஒட்டியபடி சுழலும். இரண்டிலும் ஒரே அளவில் கண்கள், அதாவது தண்ணீர் போகும் திறப்புகள், வெட்டப்பட்டிருக்கும். கண்ணோடு கண் சேர்ந்தால் தண்ணீர் போகும், கண்ணின் மேல் தட்டு வந்தால் நிற்கும். கால் சுற்றுக்குள் முழுதாகத் திறந்து மூடும் இந்த வால்வை உள்ளூர் லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

ஆனால் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பின்பக்கமிருந்து தொடங்குகிறார்கள். "ஆறு இன்ச்சுக்கு ஒரு தட்டு போட்டுக் கொடுங்க" என்று பட்டறையில் சொல்லிவிட்டு, வயலில் பொருத்திய பிறகுதான் தண்ணீர் ஏன் ஊர்கிறது என்று யோசிக்கிறார்கள். அளவு பைப்பிலிருந்து வரக் கூடாது, நிலத்திலிருந்து வர வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பொருந்தும் இடங்கள் இரண்டு. ஒன்று, போர்செட் தண்ணீர் விழும் தொட்டியின் அடியிலிருந்து வயல்களுக்குப் பிரியும் குழாய்வாய். இன்னொன்று, வாய்க்கால் கரைக்கு ஊடே வயலுக்குள் போகும் குழாய் மடை. இரண்டிலும் தண்ணீரின் அழுத்தம் ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும்.

மோட்டாரின் டெலிவரி லைனில் இதை வைக்காதீர்கள். காரணம் 6-ஆம் பகுதியில் கணக்கோடு இருக்கிறது.

குழாய்க்குள் நடுத்தண்டில் தட்டு புரளும் பட்டாம்பூச்சி வால்வு வேறு. திறந்த நிலையிலும் அதன் தட்டும் தண்டும் ஓட்டத்தின் குறுக்கே நிற்பதால், ஆகாயத்தாமரை வேரும் வைக்கோலும் அதில் சுற்றிக்கொள்ளும். சுழல்தட்டில் தட்டின் ஓரம் கத்தரிபோல் வெட்டிக்கொண்டு போகும். டெல்டா வாய்க்கால் தண்ணீருக்கு இதைத் தேர்ந்தெடுக்க அதுதான் முதல் காரணம்.

நீர்வளத்துறை வாய்க்காலின் கரையிலோ மதகிலோ கை வைப்பதானால் முன் அனுமதி வேண்டும். உங்கள் வயலுக்குள் ஓடும் சிறு வாய்க்காலிலும் சொந்தத் தொட்டியிலும் அந்தச் சிக்கல் இல்லை.

வேலையைக் கோடையில் முடித்துவிடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு ஒரு மாதம் முன்பே கான்கிரீட் போட்டால்தான் அது ஆற நாள் கிடைக்கும்.

2. மட்ட வேறுபாட்டை அளப்பது

வால்வுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தண்ணீருக்கும் அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசமே தண்ணீரைத் தள்ளுகிறது. டெல்டா நிலம் தட்டை. தொட்டியிலிருந்து வயலுக்கு அரை மீட்டர் கிடைக்கும் இடத்தில், வாய்க்காலிலிருந்து வயலுக்கு ஒரு சாண்கூடக் கிடைக்காது.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையை வயலிலும் பிடித்துக் குறியுங்கள்.

எந்த நாளில் அளக்கிறீர்கள் என்பது முக்கியம். வாய்க்கால் கரை தொட்டு ஓடும் நாளில் அளந்தால் கணக்கு அழகாக வரும், முறைத் தண்ணீர் குறையும் நாளில் பொய்த்துவிடும். வாய்க்காலின் தாழ்ந்த மட்டத்தையும் வயலில் நிற்கவேண்டிய உயர்ந்த மட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயலின் தரையை அளப்பதும் தவறு. வயலில் 5 செ.மீ. நிறுத்துவீர்கள் என்றால் அந்த 5 செ.மீ. கழிந்துபோகும்.

3. எவ்வளவு தண்ணீர் வேண்டும்

போர்செட் என்றால் 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரிக்கு அடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 17 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு ஏறக்குறைய 12 லிட்டர். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள அளவை நம்ப வேண்டாம். நீர்மட்டம் இறங்கிய போரில் அது வராது.

இந்த வழிகாட்டி முழுதும் அந்த 12 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 2.5 செ.மீ. நிறுத்தச் சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். விநாடிக்கு 12 லிட்டர் என்றால் 2 மணி 20 நிமிடம். உங்கள் முறைக்கு அந்த நேரம் கட்டுமா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள்.

4. கண்ணின் பரப்பு

கணக்கு இரண்டே வரி:

தண்ணீரின் வேகம் = 4.43 × √மட்ட வேறுபாடு (மீட்டரில் போட்டால் விடை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும்)

நீரோட்டம் = 0.6 × கண்ணின் பரப்பு × வேகம்

அந்த 0.6 ஏன்? கூரான ஓரமுள்ள திறப்பில் தண்ணீர் நுழையும்போது தாரை சுருங்கும். திறப்பின் முழுப் பரப்பும் பயன்படாது. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் வால்வு தேவையில் ஐந்தில் மூன்று பங்கு அளவில் வந்து நிற்கும்.

தொட்டிக்கு மட்ட வேறுபாடு 50 செ.மீ. என்றால் வேகம் 3.13. விநாடிக்கு 12 லிட்டர் என்பது 0.012 கன மீட்டர். தேவையான பரப்பு 0.0064 சதுர மீட்டர், அதாவது 64 ச.செ.மீ.

அதே 12 லிட்டர் வாய்க்கால் மடையில், 10 செ.மீ. வேறுபாட்டில் வேண்டுமென்றால் வேகம் 1.4 தான். பரப்பு 143 ச.செ.மீ. ஆகிவிடுகிறது. தொட்டிக்குச் செய்த வால்வை மடையில் வைத்தால் பாதித் தண்ணீர்கூட வராததற்கு இதுதான் காரணம்.

குழாயும் கொஞ்சம் தின்னும். 150 மி.மீ. உள்விட்டமுள்ள 6 மீட்டர் குழாயில் 12 லிட்டர் ஓடினால், நுழைவு, உராய்வு, வெளியேற்றம் மூன்றுமாக 5 முதல் 6 செ.மீ. உயரம் போகும். 50 செ.மீ. உள்ள இடத்தில் அது பெரிதல்ல. 10 செ.மீ. உள்ள இடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே மடைக்கு 225 மி.மீ. பிவிசி குழாய். அதில் இழப்பு ஒரு செ.மீ. சொச்சத்தோடு நிற்கும்.

5. கண்ணின் கோணமும் மூடுவிளிம்பும்

வடிவமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் எதிரெதிராக இரண்டு கண்கள், விசிறி வடிவில். ஒவ்வொரு கண்ணும் 80 டிகிரி, கண்களுக்கு நடுவே உள்ள பாலம் 100 டிகிரி. மூடிய நிலையில் மேல்தட்டின் பாலம் கீழ்க்கண்ணை மூடும்போது, இருபக்கமும் 10 டிகிரி கூடுதலாகப் படிந்திருக்கும். அந்தக் கூடுதல்தான் மூடுவிளிம்பு. கண்ணும் பாலமும் 90 டிகிரி சமமாக வைத்தால் ஓரமும் ஓரமும் நேருக்கு நேர் வந்து நிற்கும், தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். முதன்முறை செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

கண்ணை ஒன்றாக வைத்தால் தட்டு ஒருபக்கமாக இழுபடும், அரைச் சுற்று திருப்ப வேண்டும். மூன்றாக வைத்தால் குப்பை மாட்டும் ஓரங்கள் கூடும், மூடுவிளிம்புக்கே நிறைய இடம் போய்விடும். இரண்டுதான் சரி.

இனி ஆரங்கள். 160 மி.மீ. பிவிசி குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 150. எனவே கண்ணின் வெளி ஆரம் 75 மி.மீ. உள் ஆரம் எவ்வளவு? பரப்பு கூடட்டும் என்று 20 மி.மீ. வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். 10 டிகிரி என்பது வெளி ஓரத்தில் 13 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆரத்தில் வெறும் 3.5 மி.மீ. மூடிய வால்வு நடுவில் கசிவதன் மூலகாரணம் இதுவே. டிகிரியில் சரியாகத் தெரிந்தது மில்லிமீட்டரில் இல்லாமல் போகிறது.

உள் ஆரத்தை 30 மி.மீ. ஆக்கினால் அங்கே 5 மி.மீ. விளிம்பு கிடைக்கும். பரப்பு: 7.5 செ.மீ., 3 செ.மீ. ஆரங்களுக்கு இடைப்பட்ட வளையம் 148 ச.செ.மீ. அதில் 360-க்கு 160 பங்கு, 66 ச.செ.மீ. தேவை 64 தான். போதும்.

மடைக்கு அதே கோணங்கள், உள் ஆரம் 30, வெளி ஆரம் 107 மி.மீ. பரப்பு 147 ச.செ.மீ.

தகடு வாங்குமுன் இரண்டு அட்டைகளில் இந்த வடிவத்தை வெட்டி, நடுவில் ஒரு குண்டூசி குத்திச் சுழற்றிப் பாருங்கள். முதல் 10 டிகிரி ஒன்றும் திறக்காது. அதன் பிறகு 80 டிகிரிக்குச் சீராகத் திறக்கும். 90-ல் முழுத் திறப்பு. மூடிய நிலையில் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், நடுவில் விளிம்பு எவ்வளவு ஒடுங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சுழல்தட்டின் மொத்த ஆரம், கண்ணின் வெளி ஆரத்தைவிட 15 மி.மீ. கூடுதல். தொட்டி வால்வுக்கு 90 மி.மீ., அதாவது 180 மி.மீ. விட்டம்.

6. எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு பலம் வேண்டும்

சுழல்தட்டு எப்போதும் தண்ணீர் வரும் பக்கத்தில். தண்ணீரே அதை நிலைத்தட்டோடு அழுத்திப் பிடிக்கும். மறுபக்கம் வைத்தால் தண்ணீர் தட்டைத் தூக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டிவரும், இறுக்கினால் திருப்ப முடியாது.

மூடிய நிலையில் தட்டின் மேல் 1 மீட்டர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் 0.1 கிலோ. 180 மி.மீ. தட்டின் பரப்பு 254 ச.செ.மீ. ஆக 25 கிலோ. ஸ்பிரிங் 10 கிலோ. மொத்தம் 35. உராய்வு 0.3, அது செயல்படும் ஆரம் 6 செ.மீ. என்றால் முறுக்கு விசை 0.63 கிலோ-மீட்டர். வண்டல் ஏறிய தட்டுக்கு இதை மூன்று மடங்காக்குங்கள், 1.9. கைப்பிடி 40 செ.மீ. நீளக் குறுக்குக்கம்பி என்றால் ஒவ்வொரு கைக்கும் 5 கிலோ. வயதானவர்களும் திருப்பலாம்.

இதே தட்டின் மேல் 10 மீட்டர் அழுத்தம் நின்றால், ஸ்பிரிங்கை விட்டுவிட்டாலும் ஒவ்வொரு கைக்கும் 34 கிலோ வரும். டெலிவரி லைனில் வைக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

தட்டைச் சுழற்றும் தண்டை மட்டும் இந்தக் கணக்கில் செய்யக் கூடாது. வால்வு என்றைக்காவது இறுகும். அன்றைக்கு ஒருவர் இரண்டு கையாலும் 25 கிலோ பலத்தில் இழுப்பார். அது 10 கிலோ-மீட்டர். 16 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தண்டு அந்த இழுப்பில் முறுக்கிக்கொள்ளும். 20 மி.மீ. தாங்கும். ஆகவே 25 மி.மீ. கம்பியில் எடுத்து, புஷ்ஷுக்குள் (தண்டு சுழலும் உலோக உறை) போகும் பகுதியை 20-க்குக் கடைந்து, மேல்முனையை 17 மி.மீ. சதுரமாக்குங்கள்.

7. பொருள்கள்

சுழல்தட்டுக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். 304. நிலைத்தட்டுக்கு 8 மி.மீ. இரும்புத் தகடு, எபாக்சி பெயின்ட் பூசி. அதன் முகத்தில் 10 மி.மீ. எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டில் கண்கள் வெட்டிய வளையம். இரும்போடு இரும்பு உரசினால் வண்டல்மணல் இரண்டையும் கீறும். பிளாஸ்டிக் முகத்தில் மணல் துகள் அமிழ்ந்து போகும், அதோடு முகம் தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரப்பர் முகம் போடச் சொல்வார்கள். புதிதில் நன்றாகவே அடைக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பிய்ந்து வரும். நைலானும் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும், பட்டறையில் வழுக்கிக்கொண்டு சுழன்றது வயலில் இறுகிவிடும்.

சுழல்தட்டையே எச்டிபிஇயில் செய்து செலவைக் குறைக்கலாமா? ஓரத்தில் மட்டும் தாங்கப்பட்ட 10 மி.மீ. எச்டிபிஇ தட்டு 1 மீட்டர் தண்ணீரில் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குழியும். 6 மி.மீ. எஃகு அதில் ஐம்பதில் ஒரு பங்குகூடக் குழியாது. முகத்தின் சமதளம் குலைந்தால் அடைப்பு போய்விடும். முகத்துக்கு பிளாஸ்டிக், முதுகுக்கு எஃகு.

புஷ்ஷுக்கு கன்மெட்டல் என்ற வெண்கல வகை. பித்தளை மலிவு, நாச்சியார்கோயில் கும்பகோணம் பக்கம் வார்த்துக் கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால் உப்பு கலந்த தண்ணீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், உளுத்த செம்பு மட்டும் மிஞ்சும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர் நிலங்களில் தட்டுகள் இரண்டுமே எஸ்.எஸ். 316 ஆக இருக்கட்டும். 304-ல் குழிக்குழியாக அரிப்பு விழும்.

8. பட்டறையில் வேலையின் வரிசை

முதலில் பிவிசி டெயில் பீஸையும் (குழாயோடு சேரும் துண்டு) அதன் ஃபிளாஞ்சையும் (போல்ட் போடும் விளிம்பு வளையம்) வாங்கிக் கையில் வையுங்கள். அதன் போல்ட் ஓட்டைகளைப் பார்த்தே நிலைத்தட்டில் ஓட்டை குறிக்க வேண்டும். கடைக்குக் கடை ஃபிளாஞ்சு மாறும்.

அடுத்தது வெல்டிங். நிலைத்தட்டின் அடியில் புஷ் உட்காரும் குமிழையும், சுழல்தட்டில் தண்டையும் இப்போதே பற்றவையுங்கள். துண்டு துண்டாக, எதிரெதிர்ப் பக்கமாகப் பற்றவைத்து ஆறவிடுங்கள்.

வெல்டிங் முழுதும் முடிந்த பிறகே லேத்தில் முகம் பிடிக்க, அதாவது தட்டின் முகத்தைச் சமமாகக் கடைய, வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலான வால்வுகள் கெடுகின்றன. மழமழவென்று முகம் பிடித்த தட்டில் பிறகு வெல்டிங் வைத்தால் சூட்டில் கோணிக்கொள்ளும். பார்வைக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

கண்களை வெட்ட இரண்டு தட்டுகளையும் ஒன்றாகப் பிடித்து மைய ஓட்டையைப் போடுங்கள், அந்த மையத்திலிருந்தே கோணம் குறியுங்கள். லேசர் கட்டிங் செய்பவரிடம் கொடுத்தால் ஒரே வரைபடத்திலிருந்து இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவதை வெல்டிங்குக்கு முன்பே முடித்துவிடலாம். முகம் பிடிப்பதுதான் கடைசி. கண்ணின் மூலைகளை 5 மி.மீ. வளைவாக்குங்கள். நேர் ஓரங்களை மட்டும் சரிவாக்க வேண்டாம். பிசிறு எடுத்தால் போதும், ஓரம் கூராகவே இருக்கட்டும். சரிவான ஓரத்தில் வைக்கோல் வெட்டுப்படாமல் ஆப்புப்போல் நுழைந்து தட்டைத் தூக்கும்.

எச்டிபிஇ வளையத்தை எம்6 திருகுகளால் நிலைத்தட்டில் இறுக்குங்கள். திருகின் தலை முகத்துக்கு 2 மி.மீ. கீழே அமிழ வேண்டும். பிளாஸ்டிக்கில் திருகு ஓட்டை 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வெயிலில் எச்டிபிஇ எஃகைவிடப் பல மடங்கு விரியும், விரிய இடமில்லாவிட்டால் நடுவில் புடைக்கும். இறுக்கிய பிறகு அதன் முகத்தையும் லேத்தில் ஒருமுறை பிடித்துவிடுங்கள்.

புஷ்ஷுக்கும் தண்டுக்கும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி. கடைசல்காரர் "இவ்வளவு லூஸா?" என்று கேட்பார், அவர் பழக்கம் இறுக்கமாகக் கடைவது. இது எண்ணெயில் ஓடும் எந்திரமல்ல. வண்டல் நுழைந்தால் இறுக்கமான புஷ் பூட்டிக்கொள்ளும்.

முகம் சரியா என்று பார்க்க இரண்டு வழி. சுழல்தட்டில் மெல்லியதாக நீல மை தடவி, எச்டிபிஇ முகத்தில் வைத்து ஒரு கால் சுற்று திருப்பி எடுங்கள். மை சுற்றிலும் படிந்திருந்தால் நல்லது. ஒருபக்கம் மட்டும் படிந்திருந்தால் கோணல். இரண்டாவது, செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து எட்டு இடங்களில் தட்டுகளுக்கு நடுவே வைத்து, ஸ்பிரிங்கை இறுக்கி ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எட்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று சுளுவாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில்தான் கசியும். நடுப்பக்கம், அந்த 5 மி.மீ. விளிம்பில், கட்டாயம் ஒரு தாள் வையுங்கள்.

ஸ்பிரிங் நிலைத்தட்டின் அடியில், தண்டின் கீழ்முனையில் உட்காரும். இரட்டை நட்டுப் போட்டுப் பூட்டுங்கள்.

9. தொட்டியில் பொருத்துவது

தட்டு படுக்கையாக, தண்டு செங்குத்தாக. நிலைத்தட்டைத் தொட்டியின் தரையோடு தரையாக வைக்காமல் 10 செ.மீ. உயர்த்துங்கள். தரையில் படியும் மணல் அப்போது தட்டின் மேல் ஏறாது.

தொட்டியின் விளிம்புவரை வரும் நீளக் கம்பியை வால்வுத் தண்டோடு ஒரே கம்பியாக்கிவிடாதீர்கள். மேலே உள்ள தாங்கி கொஞ்சம் விலகினாலும் கம்பி தட்டை ஒருபக்கமாக நெம்பும். 17 மி.மீ. சதுர முனையில் 18 மி.மீ. சதுரக் குழியுள்ள கம்பியைத் தொளதொளப்பாகச் செருகுங்கள். இதனால் கைப்பிடி ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு டிகிரி சும்மா ஆடும். ஆடட்டும். கோணத்தைப் படிக்கும்போது எப்போதும் திறக்கும் திசையில் திருப்பி நிறுத்திப் படித்தால் தவறு வராது.

கைப்பிடி வெளியேறும் குழாயின் திசையில் நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். 0-லும் 90-லும் தடுப்பு ஊசிகளைத் தொட்டியின் விளிம்பில் வையுங்கள். தட்டில் வைத்தால் குப்பை சேரும்.

வால்வுக்கு அடுத்தே குழாயில் ஒரு 40 மி.மீ. காற்றுக்குழாய் எழுப்பி, தொட்டியின் விளிம்பைவிட ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். மூடும்போது ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் முன்னே போய்விட, பின்னால் வெற்றிடம் உண்டாகும். காற்று நுழைய வழியில்லாவிட்டால் குழாயும் இணைப்புகளும் உள்ளிழுபடும்.

வால்வைப் புதைகுழாயின் கடைசியில், வயல் பக்கம் வைத்தால் ஆபத்து வேறுவிதம். 150 மி.மீ. பிவிசியில் 12 லிட்டர் ஓடும்போது சட்டென்று மூடினால் 24 மீட்டர் உயரத்துக்கு ஒப்பான அடி குழாய்க்குள் எழும். 300 மீட்டர் நீளக் குழாயில் 2 விநாடிக்குள் மூடுவது சட்டென்று மூடுவதுதான். கால் சுற்று வால்வில் அது வெகு சுலபமாக நடந்துவிடும். 15 விநாடியாவது எடுத்துக்கொண்டு மூடுங்கள்.

தொட்டியில் வழிந்தோடும் வாய் ஒன்று இருக்கட்டும். எல்லா வால்வும் மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும்.

10. வாய்க்கால் மடையில் பொருத்துவது

இங்கே தட்டு செங்குத்தாக, சிறு கான்கிரீட் சுவரில், வாய்க்கால் பக்கம். திருப்பும் நீளக் கம்பிக்குப் பதில் தட்டிலேயே ஒரு பட்டைக்கம்பியைக் கைபோல இணைத்து மேலே நீட்டலாம்.

கையை நேர்க்குத்தாக ஒரு நிலை, படுக்கையாக ஒரு நிலை என்று வைத்தால் படுக்கும்போது தண்ணீருக்குள் போய்விடும். இடப்பக்கம் 45 டிகிரி சாய்ந்தால் மூடல், வலப்பக்கம் 45 சாய்ந்தால் திறப்பு என்று வையுங்கள். மையத்துக்கு மேல் அரை மீட்டர் தண்ணீர் நின்றால், கை 71 செ.மீ. நீளத்தில்தான் நீர்மட்டத்தைத் தொடும். 1 மீட்டர் வையுங்கள். எல்லா மடையிலும் ஒரே பக்கமே திறப்பாக இருக்கட்டும், இருட்டில் தடவித் திறப்பவர் குழம்பக் கூடாது.

ஸ்பிரிங் இங்கே 15 கிலோ. ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் நிரம்பி வாய்க்கால் தாழ்ந்திருக்கும் நாள்கள் உண்டு. அப்போது தண்ணீர் வயல் பக்கமிருந்து தட்டைத் தள்ளும். 30 செ.மீ. எதிர்மட்டம் 147 ச.செ.மீ. கண்ணில் 4 கிலோ சொச்சம் தள்ளும். ஸ்பிரிங் அதைத் தாண்டி நிற்க வேண்டும்.

முன்னால் 20 மி.மீ. இடைவெளியில் கம்பித் தடுப்பு. அதன் திறந்த பரப்பு கண்ணைப்போல நான்கு மடங்காவது இருக்கட்டும், பாதி அடைத்தாலும் ஓட்டம் குறையாது.

கரைக்குள் போகும் குழாயைச் சுற்றி நடுவில் ஒரு கான்கிரீட் வளையம் போடுங்கள். குழாயின் வழவழப்பான வெளிப்புறத்தை ஒட்டி நண்டும் எலியும் வளை பறிக்கும். வால்வு நன்றாக அடைத்திருக்க, தண்ணீர் குழாய்க்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். அது தெரியாமல் பலர் வால்வைக் கழற்றுகிறார்கள்.

11. சோதனை

பொருத்துமுன் பட்டறையிலேயே, சுழல்தட்டின் பக்கம் 1 மீட்டர் குழாயைத் தற்காலிகமாக நிறுத்தித் தண்ணீர் நிரப்பி, மூடிய நிலையில் ஒழுகுவதை அளவுக்குவளையில் பிடியுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது என்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே போவது வீண். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஒழுகினால்கூட ஒரு நாளில் ஒரு ஏக்கரில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதற்காக இறுக்கினால் முகம் தேயும், கைப்பிடி வளையும்.

12. கோணக் குறியும் பங்கீடும்

கைப்பிடிக்கு அடியில் தகட்டில் 10, 30, 50, 70, 90 என்று உளியால் வெட்டிக் குறியுங்கள், பெயின்ட் அழிந்துபோகும். 10-ல் திறப்பு தொடங்கும். 30-ல் கால், 50-ல் அரை, 70-ல் முக்கால், 90-ல் முழுத் திறப்பு. 30-க்குக் கீழே நெடுநேரம் ஓட விடாதீர்கள். ஒடுங்கிய இடுக்கில் சீறும் மணல்தண்ணீர் எச்டிபிஇயின் ஓரத்தை அரிக்கும்.

ஒரே தொட்டியிலிருந்து இரண்டு வயலுக்குச் சமமாகப் பிரிக்க இரண்டு கைப்பிடியையும் ஒரே குறியில் வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். வயல்களின் மட்டம் ஒன்றாக இருந்தால்தான் அது சரி. ஒன்றுக்கு 50 செ.மீ., இன்னொன்றுக்கு 30 செ.மீ. வேறுபாடு என்றால், தாழ்ந்த வயல் 1.29 மடங்கு அதிகம் வாங்கும். மேட்டு வயலுக்கு 90-ல் வைத்தால் தாழ்ந்த வயலுக்கு 72-ல் வைக்க வேண்டும். பங்காளிகளுக்குள் முறை வைத்து விடும் தொட்டி என்றால், இந்தக் குறியை இருவரும் நிற்கும்போதே டிரம் வைத்து அளந்து வெட்டுங்கள்.

13. பராமரிப்பு

கிரீஸ் தடவாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு அரம்போல் தேய்க்கும். வாரம் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடினாலே முகம் கழுவப்படும்.

இறுகிவிட்டால் கைப்பிடியில் பைப்பை மாட்டி நெம்ப வேண்டாம். நான்கைந்து டிகிரி முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மாட்டிய வைக்கோல் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

சம்பா அறுப்பு முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கைப்பிடியை 90-ல் வைத்துக் கோடை முழுதும் விட்டுவிடுங்கள். மூடியே கிடந்தால் எச்டிபிஇ அழுத்தத்துக்கு ஏற்பப் பள்ளம் விழுந்து, கண்ணின் ஓரத்தில் ஒரு வரம்பு எழும். ஜூனில் முதல் திருப்பலிலேயே அது தட்டை இடறும். குறுவைக்குத் தண்ணீர் விடுமுன் ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்கு இறுக்கி, எட்டுத் தாள் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு மூன்று தாள் தளர்ந்திருந்தால் வளையத்தைக் கழற்றி லேத்தில் அரை மில்லிமீட்டர் சீவலாம். திருகுத்தலை முகத்துக்கு ஒரு மில்லிமீட்டராவது கீழே இருக்கும்வரை சீவிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் புது வளையம்தான்.